ஸ்கூல் டீம்ல ஸ்டார்... காலேஜ் டீம்ல சீட் கிடைக்குமா? உங்கள் வீட்டு மிட்ஃபீல்டரை எடைபோட ஒரு கைடு!

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை தெரிந்த யாரிடமாவது, அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பொம்மையைக் காட்டி, ``இது என்ன விலைக்குப் போகும்?'' என்று கேட்டுப் பாருங்கள். ``முதல்ல காயட்டும். சூளைக்குப் போயிட்டு வரட்டும். அப்புறம் சொல்றேன்'' என்பார்கள். காயும்போது சுருங்கும், சூட்டில் இன்னும் சுருங்கும். உள்ளே கீறல் இருந்தால் அப்போதுதான் வெளியே தெரியும்.

ஆனால், அதே ஊரில் ஸ்கூல் டீமுக்கு ஆடும் 16 வயசுப் பையன் விஷயத்தில் மட்டும் நமக்குப் பொறுமை இருப்பதில்லை. குறுவட்டப் போட்டியில் நாலு கோல் போட்டுவிட்டால், ``இவனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சென்னை காலேஜ் கன்ஃபார்ம்'' என்று டீக்கடையிலேயே அட்மிஷன் போட்டுவிடுகிறோம். ஒரு மேட்சில் சொதப்பினால், ``விளையாட்டெல்லாம் சோறு போடுமா, படிக்கிற வழியைப் பாரு'' என்று அன்றைக்கே பூட்ஸைப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

ரெண்டுமே தப்பு. பிளஸ் டூ முடிக்கப்போகும் ஒரு ஃபுட்பால் வீரருக்குக் காலேஜில் இடம் கிடைக்குமா, கிடைத்தாலும் அங்கே தாக்குப்பிடிப்பாரா என்பதை ஓரளவு நிதானமாகக் கணிக்க முடியும். குறிப்பாக மிட்ஃபீல்டர்களை. காரணம், மொத்த டீமும் அவர் எடுக்கும் முடிவை நம்பித்தான் ஓடுகிறது. அந்த முடிவுகளைக் கண்ணால் பார்க்கலாம், எண்ணலாம்.

அமெரிக்காவிலேயே தப்பு நடக்குது பாஸ்!

அமெரிக்கர்கள் `ஃபுட்பால்' என்று சொல்வது வேறு விளையாட்டு. கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். அதில் குவார்ட்டர்பேக் என்ற வீரர்தான் டீமின் மூளை. பள்ளியில் படிக்கும்போதே இவர்களுக்கு அங்கே ஸ்டார் ரேட்டிங் போடுகிறார்கள். ஐந்து ஸ்டார் வாங்கிய பையன் வீட்டு வாசலில் பல்கலைக்கழகப் பயிற்சியாளர்கள் வந்து நிற்பார்கள். வீடியோ, ஓட்ட நேரம், உயரம், உள்ளங்கை அளவு வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் என்ன ஆனது? மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய டாம் பிரேடியை, 2000-ம் ஆண்டு தொழில்முறை அணிகளுக்கான தேர்வில் 199-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். அவருக்கு முன்னால் 198 பேரைத் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லோரும் இதே வேலைக்குச் சம்பளம் வாங்கியவர்கள். கடைசியில் அந்த மனிதர் ஏழு சூப்பர் பவுல் பட்டங்களை ஜெயித்தார். அளக்கச் சுலபமானதையெல்லாம் அளந்தார்கள், நெருக்கடியில் எப்படி முடிவெடுப்பார் என்பது நழுவிவிட்டது.

நம்ம ஊர் கிரவுண்டுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

முதலில், பிறந்த தேதியைப் பாருங்கள்

கோல் கணக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. பையன்களுக்குச் சராசரியாக 13, 14 வயதில் உயரம் சட்டென்று கூடும். பெண்களுக்கு 12 வயதை ஒட்டி. இது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருவருக்கு 12-லேயே வரும், இன்னொருவருக்கு 16-ல் வரும். சீக்கிரம் வளர்ந்த பையன் ஸ்கூல் டீமில் இடித்துத் தள்ளிக்கொண்டு போய் கோல் போடுவான். 19 வயதில் எதிரே நிற்பவரும் அதே உயரம், அதே எடை. அப்போது இடிப்பதைத் தவிர வேறு என்ன கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, ஒரே வயதுப் பிரிவில் ஆடினாலும் ஜனவரியில் பிறந்தவருக்கும் டிசம்பரில் பிறந்தவருக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வருஷத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவர்களுக்குத் திறமை அதிகம் என்பதல்ல, தேர்வு நாளில் அவர்கள் பெரியவர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, உங்கள் பையன் டீமிலேயே உயரமானவனாக இருந்து ஜொலிக்கிறான் என்றால், மனசுக்குள் கொஞ்சம் மார்க்கைக் குறையுங்கள். டீமிலேயே சின்னவனாக இருந்தும் பந்தைத் தொலைக்காமல் ஆடுகிறான் என்றால், கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதற்குக் குறுக்கு வழியாக பிறப்புச் சான்றிதழில் கை வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இளையோர் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு வளர்ச்சியை வைத்து வயதைச் சரிபார்க்கிறது. மாட்டினால் தடைதான். அதோடு பையனின் பெயரும் போச்சு.

கிரவுண்டில் எதை எண்ணுவது?

அடுத்த மேட்சுக்குப் போகும்போது ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கோலை விடுங்கள், அதை ஸ்கோர் போர்டு பார்த்துக்கொள்ளும். நீங்கள் எண்ண வேண்டியவை நாலே நாலு.

*1. பந்து வருவதற்கு முன் தலை திரும்புகிறதா?*

நல்ல மிட்ஃபீல்டர், பந்து காலுக்கு வருவதற்குள் ரெண்டு தோளுக்கும் மேலாக ஒருமுறை பார்த்துவிடுவார். யார் நெருங்குகிறார், யார் காலியாக நிற்கிறார் என்று மனசில் படம் ரெடி. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலீஷ் பிரீமியர் லீக் நடுக்கள வீரர்களை வீடியோவில் கவனித்து, பந்து வருவதற்கு முன் அதிகம் சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் அதிகம் சரியாகப் போய்ச் சேர்கின்றன என்று காட்டியிருக்கிறார். உங்கள் பையனுக்குப் பந்து வந்த 20 தடவையில், எத்தனை தடவை முன்கூட்டியே பார்த்தான்? 20-ல் 5 என்றால் கவலைப்பட வேண்டாம். இது பழக்கிக்கொள்ளக்கூடிய விஷயம். ஆனால், பழக்கத் தொடங்கும் நாள் இன்றைக்குத்தான்.

*2. முதல் டச் எங்கே போகிறது?*

பந்து காலில் பட்டதும் ஒரு மீட்டருக்குள் அடங்கி, அடுத்த வேலைக்கு வசதியான பக்கமாக நகர வேண்டும். நம் செம்மண் கிரவுண்டில் பந்து குதிக்கும், கல்லில் பட்டுத் திரும்பும். அதனால் கொஞ்சம் சலுகை கொடுங்கள். அதேநேரம், இந்த மேடு பள்ளத்திலேயே பந்தை அடக்கப் பழகியவருக்குப் புல்தரை லேசாக இருக்கும்.

*3. இடது கால் வேலை செய்கிறதா?*

வலது காலுக்கு மாற்றிக்கொள்வதற்காகவே ஒரு சுற்று சுற்றினால், அந்த ஒரு நொடியை ஸ்கூல் மேட்சில் எதிரணி மன்னிக்கும். காலேஜ் மேட்சில் பந்து பறிபோயிருக்கும்.

*4. தப்புப் பண்ணின அடுத்த 5 நொடி!*

பந்தைத் தொலைத்ததும் என்ன செய்கிறான்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறானா, சக வீரரைத் திட்டுகிறானா, இல்லை பின்னாலேயே துரத்துகிறானா? தேர்வுக்கு வரும் பயிற்சியாளர்கள் பலரும் பந்து இல்லாத நேரத்தில்தான் வீரரை உற்றுப் பார்ப்பார்கள். திறமையில் சமமாக நிற்கும் ரெண்டு பேரில் ஒருவரைக் கழிக்க இந்த ஐந்து நொடி போதும்.

ஒரே மேட்சை வைத்து முடிவு பண்ணாதீர்கள். குறைந்தது மூன்று மேட்ச். அதில் ஒன்றாவது உங்கள் டீம் தோற்கும் மேட்சாக இருக்கட்டும். 6-0 என்று ஜெயிக்கும் மேட்சில் எல்லோரும் நல்ல மிட்ஃபீல்டர்தான்!

மூச்சு எவ்வளவு இருக்கு?

தொழில்முறை மிட்ஃபீல்டர் 90 நிமிடத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். காலேஜ் அணியில் அவ்வளவு தேவைப்படாவிட்டாலும், திசை அதுதான். இதைச் சோதிக்கப் பெரிய லேப் வேண்டாம். `யோ-யோ டெஸ்ட்' பற்றி கிரிக்கெட் புண்ணியத்தில் எல்லோருக்கும் தெரியும். 20 மீட்டர் போய், 20 மீட்டர் திரும்பி, 10 நொடி ஓய்வு. பீப் சத்தத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். ஒலிப்பதிவு போனிலேயே கிடைக்கும். தூரம் அளக்க ஒரு டேப், நாலு செங்கல் போதும். ஒரு நாள் வந்த எண்ணை விட, மூன்று மாதம் கழித்து அது ஏறியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஏறும் கோடு என்றால், பயிற்சிக்கு உடம்பு பதில் சொல்கிறது என்று அர்த்தம்.

நம்ம மாவட்டத்துக்கு வரலாறு இருக்கு!

``விருத்தாசலத்துல இருந்துக்கிட்டு ஃபுட்பாலா?'' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல மூன்று பெயர்கள் இருக்கின்றன.

இந்துமதி கதிரேசன். 1994-ல் பிறந்த கடலூர்க்காரர், மிட்ஃபீல்டர். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் காக்கிச் சட்டையோடு ரோட்டில் நின்று டியூட்டி பார்த்தவர். 2018-ல் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சாம்பியன் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தவர்.

சந்தியா ரங்கநாதன். இவரும் கடலூர் மாவட்டம்தான். அரசு இல்லத்தில் தங்கிப் படித்து, அங்கிருந்து இந்திய அணி வரை போனவர்.

எட்வின் சிட்னி வான்ஸ்பால். பக்கத்து நெய்வேலியில் 1992-ல் பிறந்தவர். 2018-19 சீசனில் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணியில் ஆடினார். அதன் பிறகு சென்னையின் எஃப்.சி-க்காக ஐ.எஸ்.எல்-லில் இறங்கும்போது அவருக்கு வயது 27. நடுக்களம், பின்களம் என்று டீம் எங்கே நிறுத்தியதோ அங்கே ஆடியவர்.

எட்வின் கதையில் கவனிக்க வேண்டியது அந்த 27. பதினேழு வயதில் பார்த்தவர்கள் யாரும் பத்து வருஷம் கழித்து நடக்கப்போவதைச் சொல்லியிருக்க முடியாது. இந்துமதி கதையில் கவனிக்க வேண்டியது அந்த சப்-இன்ஸ்பெக்டர் வேலை. ஃபுட்பாலும் வாழ்க்கையும் ஒன்றையொன்று விழுங்காமல் சேர்ந்தே போக முடியும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கூடுதலாக ஒரு வார்த்தை. பையன்களோடு ஒப்பிட்டால் பள்ளி அளவில் ஆடும் பெண்கள் குறைவு. ஆனால், 2018-க்குப் பிறகு 2023-லும் தேசிய சாம்பியன் ஆன மாநிலம் இது. போட்டிக்கு ஆள் குறைவு, மாநில அணியின் தரம் அதிகம். ஒழுங்காகப் பயிற்சி எடுக்கும் பெண்ணுக்கு இது நல்ல வாய்ப்பு.

சர்டிஃபிகேட் ஃபைல்... இதுல கோட்டை விடாதீங்க!

ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அட்மிஷன் மேஜையில் பேசுவது காகிதம்தான். ஆனால், எல்லாச் சான்றிதழுக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஊர்த் திருவிழா செவன்ஸ் போட்டியில் வாங்கிய ஆளுயரக் கோப்பை ஷோகேஸுக்கு அழகு, அட்மிஷனுக்கு உதவாது.

பள்ளிக் கல்வித்துறை நடத்தும் போட்டிகள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும். அதற்கு மேல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் குழுமத்தின் தேசியப் போட்டிகள். இது தவிர முதலமைச்சர் கோப்பை இருக்கிறது. பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960 முதல் நடக்கிறது. மாவட்டச் சங்கம் வழியாக மாநில அணிக்குத் தேர்வாவது இன்னொரு பாதை.

அரசு வேலைக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் மத்திய அரசு பயன்படுத்தும் படிவங்களைத் தெரிந்துகொண்டால் இந்த ஏணி புரிந்துவிடும். இந்தியாவுக்காக ஆடியவருக்குப் படிவம் 1. தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்குப் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவருக்குப் படிவம் 3. தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவருக்குப் படிவம் 4. உங்கள் வீட்டு ஃபைலில் இருப்பது இதில் எந்தப் படியில் நிற்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்ஜினீயரிங் ஆசை இருந்தால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென பல ஆண்டுகளாக 500 இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன. எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான் இந்த 500 என்பதால் போட்டி கடுமை. எந்தச் சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண், எந்த வகுப்பில் பெற்ற சான்றிதழ்கள் செல்லும் என்பதை அந்தந்த வருஷ விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் சேர்ந்த பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

ட்ரயல்ஸுக்குக் கிளம்பும் முன்...

கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் உடற்கல்வித் துறையே தேர்வு வைத்து ஆள் எடுக்கும். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வரை காத்திருக்காமல், பரீட்சை முடிந்ததுமே விசாரிக்கத் தொடங்குங்கள்.

* சென்னையில் காலை 7 மணிக்கு ட்ரயல்ஸ் என்றால், முதல் நாளே போய்விடுங்கள். விருத்தாசலத்தில் அன்று காலை பல்லவனைப் பிடித்தால் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். விடிய விடிய பயணம் செய்த கால்களோடு கிரவுண்டில் இறங்கினால், மூன்று வருஷப் பயிற்சி மூன்று நிமிஷத்தில் வீணாகும்.

* முழு மேட்ச் வீடியோ ஒன்று கையில் இருக்கட்டும். பள்ளி மாடியில் இருந்து, போனைப் படுக்கைவாக்கில் பிடித்து, பந்தை மட்டும் துரத்தாமல் பாதி மைதானம் தெரிகிற மாதிரி எடுங்கள். அதிலிருந்து நாலு நிமிடத் தொகுப்பு தனியாக. கோல் மட்டும் இருந்தால் போதாது. பந்து பறித்தது, இடம் மாறி நின்றது எல்லாம் இருக்கட்டும். பின்னணியில் பாட்டு வேண்டவே வேண்டாம்!

* `சீட் வாங்கித் தர்றேன்' என்று பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். காலேஜின் உடற்கல்வித் துறையில் நேரில் கேட்டாலே தேதி சொல்லிவிடுவார்கள்.

பையனை எடைபோட்டாச்சு... காலேஜை?

பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இதுதான். சீட் கிடைத்த சந்தோஷத்தில் எதையுமே கேட்பதில்லை. கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்:

1. இலவசம் என்பது கல்விக் கட்டணத்துக்கு மட்டுமா? ஹாஸ்டல், மெஸ் பில், பரீட்சைக் கட்டணம் யார் கட்டுவது?

2. காயம்பட்டு ஒரு சீசன் ஆட முடியாவிட்டால் சலுகை தொடருமா? முழங்கால் தசைநார் கிழிந்தால் திரும்பி வர ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். பதிலை எழுத்தில் கேளுங்கள்.

3. டீமில் இப்போது எத்தனை மிட்ஃபீல்டர்கள்? அவர்கள் எந்த வருஷம் படிக்கிறார்கள்? மூன்று பேரும் ஃபர்ஸ்ட் இயர் என்றால், உங்கள் பையன் மூன்று வருஷமும் பெஞ்சில் உட்கார நேரலாம். மூன்று பேரும் ஃபைனல் இயர் என்றால், அடுத்த வருஷம் இடம் காலி.

4. போன சீசனில் முதலாண்டு மாணவர்கள் எத்தனை பேர் மேட்ச் ஆடினார்கள்?

5. போட்டிக்குப் போகும் நாள்களுக்கு அட்டெண்டன்ஸ் உண்டா? அரியர் விழுந்தால் என்ன ஏற்பாடு?

6. இங்கே ஆடிவிட்டுப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சென்னை லீக்கில் இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப், வருமான வரித்துறை என்று நிறுவன அணிகள் ஆடியிருக்கின்றன. வேலையோடு விளையாட்டு என்ற வாழ்க்கை பலருக்கும் இந்த வழியாகத்தான் அமைந்தது. தமிழக அரசு வேலைகளிலும் சாதித்த வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கிறது.

சென்னை மட்டும்தான் வழியா என்றால், இல்லை. கடலூர் மாவட்டக் கலைக் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசுக் கல்லூரியில் சேர்ந்து படித்தபடியே பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம். பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்தால் தென்மண்டலப் போட்டி. அங்கே முன்னணிக்கு வந்தால் சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி. 25 வயது வரை இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பெரிய காலேஜின் பெஞ்சில் மூன்று வருஷம் உட்காருவதைவிட, சின்னக் காலேஜில் எல்லா மேட்சும் ஆடுவது மேல்.

ஒரு மார்க் ஷீட் போடலாமா?

கீழே உள்ள ஐந்துக்கும் தலா 4 மார்க். நீங்கள் தனியாகவும், பள்ளி பி.டி. சார் தனியாகவும் போடுங்கள். பாசம் மார்க்கை ஏற்றிவிடும் என்பதால்தான் ரெண்டு பேர்.

* முடிவெடுக்கும் வேகம் (தலை திரும்புதல், சரியான பாஸ்)
* பந்துக் கட்டுப்பாடு (முதல் டச், ரெண்டு கால்)
* உடல் (மூச்சு, ஏறும் கோடு, வளர இன்னும் இடம்)
* மனசு (தப்புக்குப் பிறகான 5 நொடி, பயிற்சிக்குத் தவறாமல் வருவது)
* காகிதம் (சான்றிதழ், பிளஸ் டூ மார்க்)

15-க்கு மேல் வந்தால், துணிந்து பெரிய காலேஜ் ட்ரயல்ஸுக்குக் கூட்டிப் போங்கள். 10 முதல் 15 என்றால், பக்கத்தில் இருக்கும் காலேஜ், நிறைய மேட்ச், ரெண்டு வருஷம் கழித்து மறுபடியும் கணக்கு. 10-க்குக் கீழே என்றால், படிப்பை மையமாக வைத்துக் காலேஜைத் தேர்ந்தெடுங்கள். ஃபுட்பாலை நிறுத்தச் சொல்ல வேண்டாம். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போவதற்கு யாருடைய செலக்‌ஷனும் தேவையில்லை.

உடலுக்கும் காகிதத்துக்கும் 8-க்கு 8 வாங்கி, முதல் ரெண்டில் கோட்டைவிட்டவரைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஸ்கூலில் ஸ்டாராக இருந்து காலேஜில் காணாமல்போகும் ஆபத்து இவருக்குத்தான். முதல் ரெண்டிலும் நல்ல மார்க் எடுத்து, உடலில் மட்டும் குறைந்தவர் என்றால் பொறுத்திருங்கள். அவர் இன்னும் காய்ந்துகொண்டிருக்கும் மண்.

எல்லாவற்றுக்கும் பிறகு, சீட்டை ஏற்பதா வேண்டாமா என்று குழப்பம் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாளைக்கே முழங்காலில் அடிபட்டு ஃபுட்பால் நின்றுபோனால், இந்தக் காலேஜில், இந்த கோர்ஸில் உங்கள் பிள்ளை தொடர்ந்து படிப்பாரா? `ஆமாம்' என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள். `இல்லை' என்றால், அது எவ்வளவு பெரிய காலேஜாக இருந்தாலும் இன்னொரு ராத்திரி யோசியுங்கள்.

இதை நீங்கள் மட்டும் யோசித்தால் போதாது. மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். தனக்குத் தானே எத்தனை மார்க் போட்டுக்கொள்கிறார் என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்த எண்தான் சரியாக இருக்கும்.